பலன் தெரியும் வரை

பதுளைப் பட்டணத்தில் அந்த நாளில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அந்த ஆஸ்பத்திரிக்கு மானம் அதிகம், அதைக் காப்பாற்றும் வக்கீல்களும் அதிகம். ரயில் பாதை தெமோதரையைத் தாண்டிப் பதுளை வரைக்கும் வந்து சேர்ந்த அடுத்த வருஷம், கொழும்பிலிருந்து ஒரு பெரிய டாக்டர் அந்த ரயிலில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர். பெண்களின் வயிற்று நோய்களில் தாம் மகா கெட்டிக்காரர் என்று அவரே எல்லோருக்கும் சொன்னார். வந்த கையோடு சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பி, பிள்ளை உண்டாகாத பெண்கள் இருந்தால் அனுப்பி வைக்கும்படி கேட்டார். தெமோதரைக்குப் பக்கத்து ஊசிக்கல் தோட்டத்திலிருந்து இராக்கம்மாவை அனுப்பினார்கள்.

இராக்கம்மா கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதோடு வந்த காய்ச்சலைத் தோட்டத்து மருந்துக்காரர் அம்பலவாணர் பேதி உப்புக் கொடுத்து விரட்டினார். காய்ச்சல் போய்விட்டது. போகிற போக்கில் உள்ளே எதையோ அடைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வருஷங்கள்தான் நிறைந்தன, வயிறு நிறையவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பால் புகட்டுவதற்கென்று பதுளைக் கடைவீதியில் பலீல் நானாவின் கடையில் வாங்கிய பித்தளைச் சங்கு, லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், அவள் அறையின் கூரைச் சலாகையில் செருகியபடி இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்து, துடைத்து, மறுபடி செருகிவைப்பாள். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும். இந்தக் கதையில் வரும் மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பெரிய டாக்டருக்குத் தமிழ் தெரியும். துரைமார் குதிரைக்காரனிடம் பேசுவதற்கென்று படித்துக்கொள்ளும் தமிழ். அதிலேயே அவளுக்கு விளக்கினார்.

“உன் வயித்துல ரெண்டு பீலி இருக்கு. தண்ணி வர்ற பீலி இல்லே, பிள்ளை வர்ற பீலி. ரெண்டும் அடைச்சுப் போச்சு. ஒண்ணு ரொம்பக் கெட்டது, வெட்டிப் போடுவேன். ஒண்ணு திறந்து விடுவேன். அப்புறம் பிள்ளை வரும்.”

லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில்தான் இராக்கம்மா பிறந்ததிலிருந்து குளிக்கிறாள். மழைக்காலத்தில் இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். வீரய்யா மூங்கில் குச்சியால் குத்திவிட்டால் மறுபடி தண்ணீர் வரும். அதனால் டாக்டர் சொன்னது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு விளங்கிய விஷயம் அது ஒன்றுதான்.

“வலிக்குங்களா சாமி?” என்று கேட்டாள்.

“எனக்கு என்ன வலி?” என்றார் டாக்டர்.

அறுவை நன்றாக நடந்தது. டாக்டரின் கை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு குழாயை எடுத்தார், மற்றதைத் திறந்து தைத்தார். கெட்டது எல்லாம் அவர் கையைக் கழுவிய பிறகு ஆரம்பித்தது.

அவளைத் திரும்ப அழைத்துப்போக அம்பலவாணர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் தலைப்பாகையும் போட்டவர், எதையும் நுணுக்கமாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவர். டாக்டர் காரில் ஏறிக்கொண்டே, புண் ஆறும் வரை புருஷன் கிட்டே போகக் கூடாது என்றார். புண் ஆறிவிட்டது என்பதை எப்படி அறிவது என்று அம்பலவாணர் இங்கிலீஷில் கேட்டார். “பலன் தெரிந்தால் எல்லாம் ஆறிவிட்டது என்று அர்த்தம்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். கார் போய்விட்டது. அம்பலவாணர் நின்ற இடத்திலேயே இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக்கி எழுதிக்கொண்டார்: பலன் தெரியும் வரை புருஷன் கிட்டே போகக் கூடாது. பலன் என்றால் கர்ப்பம்.

ரயிலில் வரும்போது அதைப் பல தடவை படித்துப் பார்த்தார். அவருக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இராக்கம்மாவின் புருஷன் வீரய்யா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனை அந்த வாரமே, கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோருக்கு, இரவு வேலைக்கு மாற்றினார்கள். அவள் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வருமுன் அவன் ஸ்டோருக்குப் போயிருப்பான். விடிந்து அவன் வரும்போது அவள் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருக்கும். அன்றைக்கு இராக்கம்மா மருந்துச்சாலை விறாந்தையில் படுக்க வேண்டும் என்று அம்பலவாணர் ஏற்பாடு செய்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை.

ஆக, புருஷனும் பெண்டாட்டியும் சந்திக்கும் இடம் பீலிக்கரை. அவன் மலையேறி வருவான், அவள் கூடையோடு இறங்கிப் போவாள்.

“ரொட்டி சட்டிக்குள்ள இருக்குங்க. மூடி வைங்க, பூன வருது.”

“சரி புள்ள. காலு வழுக்குது, பாத்துப் போ.”

இதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. பின்னாலிருந்து, வேலை வாங்கும் கங்காணி கத்துவார், அவள் ஓடுவாள்.

பெரட்டு என்றால், விடியற்காலையில் ஆட்கள் எல்லோரும் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. பெயர்கள் கூப்பிட்டு முடிந்ததும் அம்பலவாணர் முன்னால் வந்து தொண்டையைச் செருமுவார்.

“இராக்கம்மா! பலன் உண்டோ?”

“இல்லீங்கையா.”

“ஏன் இல்லை?”

இதற்கு என்ன பதில் சொல்வது? தோட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். பதில் தெரிந்தவன் அப்போதுதான் ஸ்டோரிலிருந்து வந்து, ரொட்டியைத் தின்றுவிட்டு, அறையில் தனியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். பிறகு, பின்வரிசைக்காரர்களுக்குக் கேட்கவில்லை என்று கங்காணி குறைப்பட்டதால், அவளை ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் ஏறி நின்று பதில் சொல்லும்படி உத்தரவாயிற்று. பலன் இல்லாததற்கு மருந்தாகப் பேதி உப்புக் கொடுக்கப்பட்டது.

இந்தப் பேதி உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருந்துச்சாலை அலமாரியில் வேறு மருந்துகளும் இருந்தன. தீர்ந்துபோய்விடக் கூடாது என்பதற்காக அவற்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆகவே தலைவலி, கால்வலி, மார்வலி, எது என்று சொன்னாலும் உப்புத்தான். அதைக் குடித்துவிட்டுப் புதருக்குப் புதர் ஓடிக்கொண்டிருந்தால் கூடை நிறையாது, அரைப் பேர்தான் போடுவார்கள், பாதிக் கூலி. இதனால் ஊசிக்கல் தோட்டத்தில் எவருக்கும் எந்த வலியும் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைகூட விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டால், “வலிக்கல, வலிக்கல” என்றுதான் அழும். தமது பராமரிப்பில் வலியே ஒழிந்துவிட்டது என்று அம்பலவாணர் வருஷா வருஷம் மேலிடத்துக்கு எழுதி நல்ல பேர் வாங்கினார்.

இராக்கம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே தோட்டத்துத் துரை இருக்கும் கந்தோருக்குப் போனாள். துரை நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா, இன்னும் பலன் இல்லே?” என்று துரையே ஆரம்பித்தார். “டாக்டர் வெட்டினார். நான் வண்டி குடுத்தேன். மருந்துக்காரர் மருந்து குடுத்தார். எல்லாரும் வேலை செஞ்சாச்சு. நீ மட்டும்தான் உன் வேலை செய்யலே.”

“தொரைங்களே, எம் புருசன ராத்திரிக்கு வீட்டுக்கு அனுப்புங்க.”

“அவன் எதுக்கு?”

அவளுக்கு முகம் எரிந்தது. ஆத்திரம் வெட்கத்தை முந்திக்கொண்டது.

“புள்ளைக்குத்தாங்க! அவரு இல்லாம நான் எங்கிருந்துங்க பெத்துக் குடுக்கிறது?”

துரை நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். யோசிக்கும்போது அவர் நல்லவர் போலவே இருப்பார்.

“இங்கே பாரு. இந்தத் தோட்டத்துக்குப் பிள்ளை வேணும். இந்தியாவுலேருந்து ஆள் கூட்டி வந்தா செலவு, வழியில பாதிப்பேருக்குக் காய்ச்சல். இங்கேயே பிறந்த ஆள் சீக்கிரம் கூடை தூக்கும். அதனாலே உனக்குப் பிள்ளை வர்றது எனக்கு ரொம்ப ஆசை. ஆனா ஸ்டோர்லே ராத்திரி ஆள் குறைச்சல். புருஷன் வேணுமா வேணாமா, அது மருந்து விஷயம். டாக்டரைக் கேளு.”

புண்ணைக் காட்ட அடுத்த தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரைக் கேட்டாள். புருஷனுக்கு எந்த நேரத்தில் வேலை கொடுப்பது என்பது தோட்ட நிர்வாக விஷயம், அதில் தாம் தலையிடுவது அநாகரிகம் என்றார் அவர். துரையைக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையின் நடுவில் இராக்கம்மா தெமோதரைக்கும் பதுளைக்கும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். துணைக்கு வருகிறவள் பக்கத்து அறைப் பெரியாயி, லயத்தில் பிரசவம் பார்க்கிறவள்.

ரயிலுக்கு நேரமிருந்தால் இருவரும் பலீல் நானாவின் கடையில் உட்காருவார்கள். நானாவின் மனைவி லரீபா கதவுக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணி கொடுத்தனுப்புவாள். அன்றைக்கு இராக்கம்மா பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து லரீபா அவளை உள்ளே கூப்பிட்டாள். கேட்டாள். கேட்டுவிட்டு வெகுநேரம் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், பிறகு அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

“இந்தாங்க புள்ள, கடைக்குப் பின்னால வெங்காய மூட்டை போடுற அறை ஒண்ணு ஈக்கி. உள்பக்கம் கொண்டியும் ஈக்கி. அடுத்த முறை வரக்கொள்ள அவரையும் கூட்டிட்டு வாங்க. பகல் சாப்பாட்டுக்குக் கடையச் சாத்தினா எவரும் வர மாட்டாங்க.”

இராக்கம்மா அதை வீரய்யாவிடம் பீலிக்கரையில் சொன்னாள். சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை. அவன் பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தான். அப்போது அவனுக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

பதுளைக்குப் போக வேண்டுமானால் வீரய்யாவுக்கு லீவு வேண்டும். லீவுக்குக் காரணம் வேண்டும். பெண்டாட்டியோடு போகிறேன் என்றால் விடமாட்டார்கள், அவனிடமிருந்துதானே அவளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பல்வலி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று சொல்லலாம் என்று அவனாகவே ஒரு யோசனை செய்தான். உப்பு மருந்து வந்தாலும் குடித்துவிடலாம் என்று துணிந்துதான் போனான்.

“எந்தப் பல்லு?” என்று கேட்டார் அம்பலவாணர்.

வீரய்யா அதை யோசித்து வைக்கவில்லை. ஏதோ ஒன்றைக் காட்டினான்.

அம்பலவாணரிடம் பல் பிடுங்கும் குறடு ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து, வலி என்று எவரும் சொல்லாததால், அதற்கு வேலை வந்ததில்லை. இரண்டு பேர் வீரய்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல உறுதியான பல், இலேசில் வரவில்லை. வந்ததும் அதைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

“இப்ப பல்லில்லை. பல்லில்லாதவனுக்கு என்ன பல்வலி? பதுளைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. இரவைக்கு வேலைக்குப் போ.”

மறுநாள் விடியற்காலை வீரய்யா வீங்கிய கன்னத்தோடு மலையேறி வந்தான். வாயைத் திறக்க முடியவில்லை. இராக்கம்மா அவனைப் பார்த்தாள், சிரிப்பு வந்தது, சிரித்தாள், அப்படியே பீலித்திட்டில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தான். அந்தக் கை அவள்மேல் பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள். கங்காணி கத்தினார், எழுந்து ஓடினாள்.

பலன் வராதது பெரிய டாக்டரின் பொறுமையைச் சோதித்தது. கொழும்பில் டாக்டர்மார் கூடும் ஒரு சபையில் இந்த அறுவையைப் பற்றிப் பேசுவதாக அவர் சொல்லியிருந்தார். ஆகவே அமெரிக்காவில் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பரீட்சையைச் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். கீழேயிருந்து குழாய் வழியே காற்றை மெல்லச் செலுத்துவது. பீலி திறந்திருந்தால் காற்று அதைத் தாண்டி வயிற்றுக்குள் போய் மேலே ஏறும், தோளில் சுருக்கென்று வலிக்கும். பீலி அடைத்திருந்தால் தோள் வலிக்காது. தோள் வலியே பீலி திறந்திருப்பதற்குச் சாட்சி என்று, சுற்றி நின்ற சின்ன டாக்டர்களுக்கு அவர் இங்கிலீஷில் விளக்கினார். படுத்திருந்தவளுக்கு எவரும் எதையும் விளக்கவில்லை.

காற்று போயிற்று. இராக்கம்மாவுக்கு வலது தோளில் கத்தி செருகியதுபோல் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“தோள் வலிக்குதா?” என்று கேட்டார் டாக்டர்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். வலி என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்பது ஊசிக்கல் தோட்டத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

“வலிக்கல்லீங்க சாமி.”

“நல்லா யோசிச்சு சொல்லு. கொஞ்சம்கூட வலிக்கலே?”

“ஒண்ணுமே இல்லீங்க. சொகமா இருக்குங்க.”

கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றினார். “கனவான்களே,” என்று சின்ன டாக்டர்களைப் பார்த்துத் திரும்பினார். “விஞ்ஞானம் தோற்கவில்லை. நான் தோற்கவில்லை. பீலிதான் தோற்றது. நாம் திறந்த வழியை இந்தப் பெண் மறுபடி அடைத்துக்கொண்டாள். இப்படிப்பட்ட நோயாளிகளிடம் ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது என்பதே நான் கொழும்பில் சொல்லப்போகும் செய்தி.” சின்ன டாக்டர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் கைதட்டினார்.

இனிப் பிள்ளை வராது என்று அவளிடமும் சொன்னார்கள். தெமோதரை வரைக்கும் ரயிலில் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு வந்தாள். பெரியாயி அவள் தலையை எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் அம்பலவாணர் வீரய்யாவைக் கூப்பிட்டார். “காப்பாத்துறதுக்கு இனி அங்கை ஒண்டும் இல்லை. நீ இண்டையிலிருந்து கவ்வாத்துக்குப் போகலாம்,” என்றார்.

அன்று சாயந்தரம் வெகுகாலத்துக்குப் பிறகு வீரய்யா லயத்தில் இருந்தான். அடுப்பு எரிந்தது. இராக்கம்மா ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்: “காத்து அடிச்சப்ப தோளு புடுங்கி எடுத்துச்சுங்க. உசுரு போயிருச்சு.”

“சொல்ல வேண்டியதுதானே புள்ள?”

“சொன்னா உப்புக் குடுப்பாங்கல்ல?”

வீரய்யா பல் போன ஓட்டையை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டான். “சொல்லாததே நல்லது,” என்றான்.

அதற்குப் பிறகு எந்த டாக்டரும் எதையும் செய்யவில்லை. அடுத்த கொழுந்துப் பருவத்தில் இராக்கம்மாவுக்கு நாள் தள்ளிப்போயிற்று. பெரியாயி வயிற்றைத் தடவிப் பார்த்து, “புள்ளதாண்டி!” என்று கத்திவிட்டு, பக்கத்து அறைகளுக்குக் கேட்டுவிடப் போகிறதென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இராக்கம்மா சலாகையிலிருந்த சங்கை எடுத்துப் பார்த்தாள். தீபாவளி வரவில்லை, இருந்தாலும் தேய்த்தாள்.

கர்ப்பிணிகளுக்கு மலையுச்சியில் வேலை இல்லை, கீழ் மலையில்தான் என்று தோட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அதைக் கேட்க அம்பலவாணரிடம் போனாள். அவர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உன்ரை பீலி அடைச்சுக் கிடக்கு எண்டு பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் போட்ட கையெழுத்தை மீறி உனக்குக் கர்ப்பம் வருமோ? இது வாயு.”

“மாசம் தள்ளிப் போச்சுங்கையா.”

“வாயுவாலை தள்ளும்.”

பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்தார். முதல் பிள்ளையின்போது அவர் கொடுத்ததைச் சத்தமில்லாமல் குடித்தவள் அவள். இந்தத் தடவை குடிப்பதுபோல் வாங்கிக்கொண்டு போய், ஒரு தேயிலைத் தூரில் ஊற்றினாள். தினமும் ஊற்றினாள். கொஞ்ச நாளில் அந்தச் செடி பட்டுப்போயிற்று. பூச்சி என்று எழுதினார்கள்.

வயிறு பெருத்தது. அதை மறைக்க முடியாதல்லவா? மாதாந்தம் தோட்டத்துக்கு வரும் பெரிய டாக்டர் அவளைப் பெரட்டுக் களத்திலேயே நிறுத்தி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “வாயு. ரொம்பப் பெரிய வாயு,” என்றார். உள்ளேயிருந்து பிள்ளை அவர் கையை உதைத்தது. டாக்டர் அம்பலவாணரைப் பார்த்து, “வாயு இப்படி நகரும். கவனித்தீர்களா?” என்றார். அம்பலவாணர் கவனித்தார். துரை தமது பங்குக்கு, தோட்டத்து அரிசி நல்லது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். வாயு பிடித்தவளை ஏன் மலையுச்சிக்கு அனுப்பக் கூடாது? அனுப்பினார்கள். ஈரப் பாறைகளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வயிற்றைச் செடிகள் கிழிக்காமலிருக்கப் படங்குச் சாக்கை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் அந்த மூன்று பேரையும் வாய்க்குள் திட்டினாள். அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன்.

வாயு ஒரு பிற்பகலில், கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் பிறந்தது. பெண். பெரியாயி கொழுந்து கட்டும் சாக்கில்தான் ஏந்தினாள். கூடை நிறையாததால் கங்காணி இராக்கம்மாவுக்கு அரைப் பேர் போட்டார்.

பிள்ளை பெற்றவளுக்கு அந்த மாதம் வேலை இல்லை, அரிசி உண்டு என்பது சட்டம். ஆனால் வாயு தீர்ந்தவளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே இரண்டு நாள் கழித்து அவளைப் பெரட்டுக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. அவளால் நிற்க முடியவில்லை. வீரய்யா அவளைத் தாங்கிக்கொண்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் கந்தோருக்குப் போனான். அங்கே துரையும் பெரிய டாக்டரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்பலவாணர் பக்கத்தில் நின்றார்.

“தொரைங்களே, புள்ள பொறந்திருக்குங்க. எம் பொஞ்சாதிக்கு அரிசியும் ஓய்வும் குடுங்க,” என்றான் வீரய்யா.

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். “நல்ல பிள்ளை. யாரோடது?”

“எங்களுதுங்க.”

“அது முடியாது,” என்றார் டாக்டர், கோபமே இல்லாமல். “பீலி அடைச்சா பிள்ளை வராது. இவளுக்குப் பீலி அடைச்சிருக்கு. அதனாலே இது இவள் பிள்ளை இல்லே.”

“எங்கையாவது கிடைச்ச பிள்ளையா இருக்கும், சேர்,” என்றார் அம்பலவாணர்.

பிள்ளை வீரிட்டு அழுதது. இராக்கம்மா அதை வாங்கிக்கொண்டு, கந்தோர்த் தரையிலேயே உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்திப் பால் கொடுத்தாள். மூன்று பெரிய மனிதர்களும் வெடுக்கென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். சுவரில் தோட்டத்துப் படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்தபடி டாக்டர் வெகுநேரம் யோசித்தார்.

“பால் இருக்கு,” என்றார் கடைசியில். இன்னும் கொஞ்சம் யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. “பால் இருந்தா பிள்ளை இவளோடது. பிள்ளை இவளோடதுன்னா பீலி திறந்திருக்கு. அப்போ என் ஆபரேஷன் பலிச்சிருக்கு!”

துரை எழுந்து டாக்டரின் கையைக் குலுக்கினார். டாக்டர் அம்பலவாணரின் கையைக் குலுக்கினார். கொழும்புக்கு உடனே தந்தி கொடுக்க வேண்டும், படம் பிடிக்கிறவனைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். இராக்கம்மாவின் கையைக் குலுக்க எவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் துரை தாராளமாகவே, அரிசி கொடுக்கலாம், மாதம் முழுவதும் ஓய்வு என்று சொன்னார். இராக்கம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பட்டதெல்லாம் போகட்டும் என்றுகூட நினைத்தாள்.

அம்பலவாணர் தொண்டையைச் செருமினார்.

“சேர், ஒரு சின்ன விஷயம். வீரய்யாவைப் பகல் வேலைக்கு விட்டது ஆபரேஷன் பலிக்கேல்லை எண்டபடியாலை. இப்ப பலிச்சிருக்கு. பலிச்ச பீலியைப் பத்திரமாப் பாதுகாக்க வேண்டாமோ? போன முறை எங்கடை பாதுகாப்பாலைதானே இவ்வளவு நல்ல பலன் வந்தது?”

“சரியான பேச்சு,” என்றார் டாக்டர்.

“அடுத்த பலன் தெரியும் வரை,” என்று அம்பலவாணர் தெளிவுபடுத்தினார்.

“ஸ்டோர்லே ராத்திரி ஆள் இன்னும் குறைச்சல்தான்,” என்றார் துரை.

இராக்கம்மா வீரய்யாவைப் பார்த்தாள். அவன் நாக்கு பல் போன ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

“தொரைங்களே, டாக்டர் சாமி முன்ன சொன்னதுதாங்க சரி. எனக்குப் பீலி அடைச்சுத்தான் கெடக்கு. இது எம் புள்ள இல்லீங்க.”

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்போ யாரு பிள்ளை?” என்றார் டாக்டர்.

“தேயிலத் தூருல கெடந்துச்சுங்க. எடுத்தாந்தேன்.”

“பால்?”

“அது வாயுதாங்க சாமி.”

டாக்டர் தலையை ஆட்டினார். கொழும்பில் ஏற்கெனவே ஒரு விதமாகப் பேசியாகிவிட்டது, அதை மாற்றுவதும் சிரமம்தான் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. துரை அரிசியை ரத்துச் செய்தார். காப்பாற்ற ஒன்றும் இல்லாததால் வீரய்யாவைக் கவ்வாத்திலேயே விட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் விடியற்காலை இராக்கம்மா பெரட்டுக் களத்தில் நின்றாள். வீரய்யா கவ்வாத்துக் கத்தியோடு பக்கத்தில், அவளைத் தாங்குகிற மாதிரித் தெரியாமல் தாங்கிக்கொண்டு நின்றான். அவள் முதுகுத் துணிக்குள் பிள்ளை, இடுப்பு முடிச்சில் பித்தளைச் சங்கு. வாயு மறுபடி வருகிறதா என்று விசாரித்து வைப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். அம்பலவாணர் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் காட்டினார். ஏறினாள்.

“இராக்கம்மா! பலன் உண்டோ?”

முதுகில் பிள்ளை களம் அதிர அழுதது.

“இல்லீங்கையா,” என்றாள் இராக்கம்மா.